கையறிவும் கணினியறிவும்

நுழையும்முன்

‘ஆட்கள் தேவை’ என்னும் அறிவிப்பு ஆலையின் வாயிலில் தொங்குகிறது. சான்றிதழுடன் வேலை தேடி வந்த இளைஞர் அதே வாயிலில் நிற்கிறார். அறிவிப்பு அகற்றப்படுவதில்லை, இளைஞரும் உள்ளே அழைக்கப்படுவதில்லை. உயர்தொழில்நுட்ப உற்பத்தி பெருகிவரும் இக்காலத்தில் உலகெங்கும் காணப்படும் இந்நிலையைத் ‘திறன் இடைவெளி’ என்பர். அது எவ்வாறு தோன்றியது, ஏன் நீடிக்கிறது, எவ்வழியில் குறையும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சூடான தண்டு

ஒரு காட்சியை மனத்தில் கொள்வோம். ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ ஒரு தொழிற்கூடம். கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் கடைசல் இயந்திரம் ஒன்று எஃகுத் தண்டு ஒன்றைக் கடைந்து முடித்திருக்கிறது. தொழிற்கூட வழக்கில் இதனைச் சி.என்.சி. லேத் என்பர். தண்டின் விட்டம் 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதில் பத்து மைக்ரான் கூடலாம் அல்லது குறையலாம். அதற்கு மேல் வேறுபாடு இருந்தால் தண்டு பயன்படாது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனே பல பத்து மைக்ரான்கள் இருக்கும் என்பதை நினைத்தால் இந்த அளவின் நுண்மை விளங்கும்.

புதிதாகப் பணியில் சேர்ந்த இளைஞர் இயந்திரத்தின் கதவைத் திறக்கிறார். சோதனை அறையிலிருந்து அப்போதுதான் எடுத்துவந்த திருகு அளவியால் தண்டின் விட்டத்தை அளக்கிறார். 100.020 என்று காட்டுகிறது. இருபது மைக்ரான் கூடுதல். உடனே கட்டுப்பாட்டுத் திரையில் அதற்குரிய திருத்தத்தை உள்ளிட்டு, இறுதிக் கடைசலை மீண்டும் ஒருமுறை நிகழ்த்துகிறார். இப்போது சரியாக 100.000. மனநிறைவுடன் தண்டைச் சோதனை அறைக்கு அனுப்புகிறார். அந்த அறையின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசில் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது; நீள அளவீடுகளுக்கு உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒப்பு வெப்பநிலை அதுவே. தண்டு அங்கு ஆறிய பிறகு அளந்து பார்த்தபோது 99.976 என வந்தது. அளவு குறைந்த தண்டில் உலோகத்தை மீண்டும் சேர்க்க இயலாது. அது வீணாயிற்று.

எங்கே பிழை நேர்ந்தது? ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகு, ஒரு டிகிரி வெப்பநிலை உயரும்போது ஏறத்தாழ 12 மைக்ரான் விரிவடைகிறது. 100 மில்லிமீட்டர் விட்டத்திற்கு அது 1.2 மைக்ரான். கடையும்போது எழுந்த வெப்பத்தால் தண்டு 40 டிகிரியில் இருந்தது. அதாவது 20 டிகிரி கூடுதல். எனவே விட்டம் 24 மைக்ரான் பருத்துக் காட்டியது. முதலில் அளந்த 100.020 என்பது ஆறிய பின் 99.996 ஆகியிருக்கும், அது ஏற்கத்தக்க அளவே. நல்ல தண்டு ஒன்றைத் திருத்தம் செய்யப்போய்க் கெடுத்துவிட்டார் அந்த இளைஞர்.

இந்தக் கணக்கு மேல்நிலை முதலாம் ஆண்டு இயற்பியல் மாணவர் அனைவரும் அறிந்த வெப்ப விரிவுக் கணக்குத்தான். அந்த இளைஞரும் தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் பெற்றிருக்கக்கூடும். இயந்திரத்தை இயக்கவும் அவருக்குத் தெரியும். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதில் அவர் தடுமாறவில்லை. படித்த இயற்பியலும் கையிலிருந்த தண்டும் அவருக்குள் சந்திக்கவில்லை என்பதுதான் குறை. திறன் இடைவெளி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மணிக்கட்டிலிருந்து மனத்திற்கு

பழைய கடைசல் இயந்திரத்தில் கைப்பிடிச் சக்கரத்தைச் சுழற்றி வெட்டுக்கருவியை முன்னும் பின்னும் நகர்த்தியவர் தொழிலாளரே. எவ்வளவு திருப்பினால் எவ்வளவு உலோகம் கழியும் என்பது பல்லாண்டுப் பழக்கத்தால் அவர் மணிக்கட்டில் படிந்திருந்தது. அந்த நகர்வை எண்களாக எழுதி இயந்திரத்திற்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் 1940களின் இறுதியில் அமெரிக்காவில் உருப்பெற்றது. ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவான வடிவங்களைத் துல்லியமாக உருவாக்க வழி தேடிய ஜான் பார்சன்ஸ் என்பவர் அதற்கு வித்திட்டார். துளையிட்ட நாடாவில் பதிந்த எண்களைப் படித்து இயங்கும் அரவை இயந்திரத்தை மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 1952இல் செய்து காட்டியது. பின்னர் நாடாவின் இடத்தைக் கணினி பிடித்தது.

இனித் தேர்ந்த தொழிலாளர் தேவையில்லை, பொத்தானை அழுத்துவதற்கு ஓர் ஆள் போதும் எனச் சிலர் எதிர்பார்த்தனர். வேறு சிலர் அதையே அஞ்சினர். நடந்தது வேறு. கைப்பிடியைச் சுழற்றும் பழக்கத்தின் தேவை குறைந்தது. முடிவெடுக்கும் ஆற்றலின் தேவை கூடியது. கையால் கடைபவர் பிழை செய்தால் ஒரு தண்டு கெடும். தவறான எண்ணை உள்ளிட்டால் அடுத்தடுத்து வரும் ஐம்பது தண்டுகளும் அதே தவற்றுடன் வெளிவரும். சில வேளைகளில் வெட்டுக்கருவி பெருவேகத்தில் சென்று மோதி, இயந்திரமே பழுதாகும். கட்டுப்பாட்டு அமைப்புகள் சிலவற்றில் புள்ளியின்றிப் பத்து என எழுதினால் அது பத்து மில்லிமீட்டர் ஆவதில்லை. பத்து மைக்ரான் எனக் கொள்ளப்படும். ஒரு சிறு புள்ளி ஆயிரம் மடங்கு வேறுபாட்டை விளைவிக்கிறது.

திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதும் இல்லை. வெட்டுக்கருவியின் முனை மழுங்கும்போது ஓசை மாறுகிறது. கழிந்து விழும் உலோகச் சுருளின் நிறம், வெட்டும் இடத்தின் வெப்பத்தைக் காட்டுகிறது. தண்டின் மேற்பரப்பில் மெல்லிய அலைபோன்ற கோடுகள் தெரிந்தால் எங்கோ அதிர்வு இருக்கிறது. பிடிப்பு தளர்ந்திருக்கலாம், அல்லது கருவி அளவுக்கு மீறி வெளியே நீண்டிருக்கலாம். இவற்றை அறியும் செவியும் கண்ணும் பழைய கடைசல்காரரிடம் இருந்தவையே. இன்றைய தொழிலாளருக்கு அவையும் வேண்டும். நிரலைப் படித்துப் பொருள்கொள்ளும் அறிவும் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரத்திற்குரிய நிரலில் குறுகிய கட்டளைச் சொற்கள் வரும். ‘ஜி00’ என்றால் வெட்டாமல் விரைந்து நகர்தல். ‘ஜி01’ என்றால் குறித்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டிச் செல்லுதல். ‘எம்03’ சுழல்தண்டை வலஞ்சுழியாகச் சுழற்றும். ‘எம்08’ குளிர்நீர்மத்தைத் திறந்துவிடும். ‘எம்30’ நிரலை முடித்துவைக்கும். ‘ஜி01’ வரவேண்டிய இடத்தில் ‘ஜி00’ வந்தால் கருவி உலோகத்தில் முட்டிக்கொள்ளும்.

ஒற்றை இயந்திரத்தின் நிலை இது. பல இயந்திரங்களும் எந்திரக் கைகளும் உணரிகளும் இணைந்த உற்பத்தித் தொடரில் சிக்கல் இன்னும் கூடுகிறது. தொடர் திடீரென நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உணரியின் கண்ணாடியில் எண்ணெய் படிந்திருக்கலாம். அழுத்தக் காற்றுக் குழாயில் கசிவு இருக்கலாம். கம்பி அறுந்திருக்கலாம். கட்டுப்பாட்டு நிரலில் ஒரு நிபந்தனை நிறைவேறாமல் இருக்கலாம். இயந்திரவியல் மட்டும் கற்றவர் மின்பணியாளரை அழைப்பார். மின்பணியாளர் நிரல் எழுதியவரைத் தேடுவார். அதற்குள் ஒரு பணிமுறை கழிந்துவிடும். இம்மூன்றையும் ஓரளவேனும் அறிந்து, பழுது எங்குள்ளது எனக் கண்டறியும் திறனை ‘மெக்கட்ரானிக்ஸ்’ என்னும் சொல் குறிக்கிறது. இயந்திரவியலையும் மின்னணுவியலையும் இணைத்து 1969இல் ஜப்பானின் யஸ்காவா நிறுவனப் பொறியாளர் டெட்சுரோ மோரி உருவாக்கிய சொல் அது.

செல்வ நாட்டிலும் இந்த இடைவெளி

பணமும் பல்கலைக்கழகங்களும் நிறைந்த நாடுகளும் இதிலிருந்து தப்பவில்லை. உலகின் முன்னணிச் சில்லு உற்பத்தி நிறுவனமாகிய தைவானின் டி.எஸ்.எம்.சி., அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆலை அமைக்கப்போவதாக 2020இல் அறிவித்தது. 2024இல் உற்பத்தி தொடங்கும் என்பது திட்டம். ஆனால், நுண்கருவிகளைப் பொருத்தும் தேர்ச்சி பெற்ற பணியாளர்கள் போதிய அளவில் கிடைக்கவில்லை என்றும், உற்பத்தி 2025க்குத் தள்ளிப்போகும் என்றும் 2023 சூலையில் அந்நிறுவனம் கூறியது. தைவானிலிருந்து பணியாளர்களை அழைத்துவர முற்பட்டபோது அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் அதனை எதிர்த்தன. தம் உறுப்பினர்களிடம் திறன் இருக்கிறது, நிர்வாகக் குறைகளை மறைக்கவே பழி தொழிலாளர்மீது போடப்படுகிறது என்பது அவற்றின் வாதம்.

இரு தரப்பில் எது முற்றிலும் சரி என்பதை இங்கே தீர்மானிக்க வேண்டியதில்லை. ஒன்றைக் கவனிக்கலாம். ‘திறனுள்ளவர் கிடைக்கவில்லை’ என்ற கூற்றைக் கேட்கும்போது, ‘எந்தத் திறன், எந்த ஊதியத்திற்கு, அதைக் கற்பிக்க யார் முன்வந்தார்’ என்னும் வினாக்களும் உடனே எழுகின்றன. இவ்வினாக்களை விடுத்துத் திறன் இடைவெளியைப் பற்றிப் பேசுவோர், குறை முழுவதையும் வேலை தேடும் இளைஞரின் தோளில் ஏற்றிவிடுகின்றனர்.

பட்டறையும் பள்ளியும்

தொழிலைத் தொழில் நடக்கும் இடத்திலேயே கற்பது தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் செப்புத் திருமேனிகளைச் செய்யும் ஸ்தபதிகளின் பட்டறையில், சிறுவர்கள் மெழுகைப் பிசைந்தும் களிமண்ணைக் குழைத்தும் தொழிலுக்குள் நுழைந்தனர். உருக்கிய உலோகத்தின் நிறத்தைப் பார்த்து வார்க்கும் பதத்தை அறியும் கண்ணை எந்தப் புத்தகமும் அவர்களுக்குத் தரவில்லை. மூத்தவரின் அருகிருப்புத் தந்தது. இம்முறையின் வலிமை அந்த அருகிருப்பு. அதன் குறையும் வெளிப்படையானது. தொழில் பிறப்பால் தீர்மானிக்கப்பட்டது; அந்தக் குடும்பத்தில் பிறவாதவருக்குப் பட்டறையின் கதவு பெரும்பாலும் திறக்கவில்லை; பெண்களுக்கோ அரிதாகவே திறந்தது.

தொழிற்பள்ளிகள் அக்கதவைத் திறந்தன. இதற்குக் கோயம்புத்தூரின் வரலாறு நல்ல சான்றாகும். 1888இல் அங்கு முதல் நூற்பாலை எழுந்தது. 1930களில் பைகாரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தோன்றிய பட்டறைகள், உதிரிப் பாகங்களையும் நீரேற்று இயந்திரங்களையும் பின்னர்க் கடைசல் இயந்திரங்களையுமே செய்யக் கற்றுக்கொண்டன. 1926இல் தோன்றிய பி.எஸ்.ஜி. அறநிலையம், உற்பத்திக்கூடத்தையும் கல்விக்கூடத்தையும் ஒரே வளாகத்தில் அமைத்தது. விற்பனைக்குச் செல்லும் பொருள்கள் உருவாகும் இடத்திலேயே மாணவர்கள் பயின்றனர். விற்பனைக்குரிய பொருளில் பிழை செய்வதும் பயிற்சிக்கென ஒதுக்கிய இரும்புத் துண்டில் பிழை செய்வதும் ஒன்றல்ல என்பதைத் தொழில் கற்றோர் அறிவர்.

இவ்வரலாற்றில் ஜி.டி. நாயுடுவைக் குறிப்பிடாமல் செல்ல முடியாது. பள்ளிப் படிப்பைத் தொடராத அவர், உணவு விடுதியில் வேலைசெய்து சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே இயந்திரவியலைக் கற்றவர். உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கும் முயற்சியில் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து 1937இல் வெற்றி கண்டவர். 1945இல் அவர் முயற்சியால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் தொடங்கின. அவற்றுள் பொறியியல் கல்லூரியே பின்னர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. பொறியியல் படிப்பிற்கு நான்காண்டு தேவையில்லை, இரண்டாண்டே போதும் என்று அவர் வாதிட்டார். அன்றைய அரசு அதை ஏற்காததால் முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். இரண்டாண்டு போதுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். மாணவர் எத்தனை ஆண்டு படித்தார் என்பதைக் காட்டிலும் எத்தனை மணிநேரம் இயந்திரத்தோடு இருந்தார் என்பதே அவர் எழுப்பிய வினா. அது இன்றும் பழையதாகிவிடவில்லை.

விடுதலைக்குப் பின் நடுவணரசு 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் தோன்றின. ஐ.டி.ஐ. என மக்கள் வழங்கும் இந்நிலையங்களில் பொருத்துநர், கடைசலர், மின்பணியாளர் முதலிய பிரிவுகளில் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரும் சேரலாம். பயிற்சியின் தொடர்ச்சியாக ஆலைக்குள் சென்று கற்பதற்கு 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் வழிவகுத்தது. பிறப்பின் வேலி விழுந்தது. இது சிறிய மாற்றம் இல்லை.

பிரிவு நேர்ந்தது எங்கே?

கதவு திறந்தபோது வேறொன்று நழுவியது. பள்ளி ஒரு பக்கமும் ஆலை மறுபக்கமுமாகப் பிரிந்தன. ஆலைகளில் இயந்திரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. பயிற்சி நிலையத்தில் ஒருமுறை வாங்கிய கடைசல் இயந்திரம் முப்பது ஆண்டு நிற்கும். அதில் பயின்ற மாணவர் நல்ல கைத்திறன் பெறுகிறார். ஆலையில் திரைமுன் நிற்கும்போது திகைக்கிறார். பயிற்றுநரின் நிலையும் எண்ணத்தக்கது. இருபது ஆண்டுகளுக்குமுன் தாம் கற்றதைப் புதுப்பித்துக்கொள்ள ஆலைக்குள் சென்று சில மாதங்கள் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தால்தானே மாணவருக்குப் புதியதைச் சொல்ல முடியும்? புதிய இயந்திரத்தை வாங்கி நிறுத்துவது எளிது. அதனருகில் நின்று கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்குவதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். திட்டங்களில் முதலாவதற்குக் கிடைக்கும் கவனம் இரண்டாவதற்குக் கிடைப்பது குறைவே.

ஆலைகள் தாமே பயிற்சி கொடுக்கலாமே என்று கேட்கலாம். இங்கு ஒரு பொருளியல் சிக்கல் குறுக்கிடுகிறது. நோபல் பரிசு பெற்ற அறிஞர் கேரி பெக்கர், 1964இல் வெளிவந்த தம் ‘மனித மூலதனம்’ என்னும் நூலில் பயிற்சியை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒரு நிறுவனத்திற்கு மட்டும் பயன்படும் பயிற்சி ஒருவகை. எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுப் பயிற்சி மற்றொரு வகை. பொதுப் பயிற்சிக்கு நிறுவனம் செலவிடத் தயங்கும். இரண்டாண்டு செலவிட்டுப் பயிற்றுவித்த தொழிலாளரை அடுத்த தெருவிலுள்ள ஆலை சற்றுக் கூடுதல் ஊதியம் தந்து அழைத்துக்கொண்டால், செலவு இவருடையது, பயன் அவருடையது. ஆகவே ஒவ்வோர் ஆலையும் மற்றோர் ஆலை பயிற்றுவிக்கட்டும் என்று காத்திருக்கிறது. எல்லாரும் காத்திருந்தால் பயிற்றுவிப்பவர் யார்? குறுகியகால ஒப்பந்தத்தில் ஆட்களை அமர்த்தும் வழக்கம் இத்தயக்கத்தை மேலும் வளர்க்கிறது. சில மாதங்களில் வெளியேறப்போகும் ஒருவருக்கு ஒரு பணியைக் காட்டித்தரலாம். ஒரு தொழிலைக் கற்றுத்தர யாரும் முனைவதில்லை.

பணிக்கும் தொழிலுக்கும் உள்ள இந்த வேறுபாடு வாழ்க்கையைத் தொடுவது. திருப்பெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. இளம்பெண்கள் பெருந்தொகையினராகப் பணியாற்றிய அந்த ஆலையில் 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அதன்பின் அப்பகுதியில் மின்னணு ஆலைகள் மீண்டும் தழைத்துள்ளன. எனினும், உற்பத்தித் தொடரின் ஒரே ஓர் அசைவை மட்டும் கற்றவருக்கு, அந்தத் தொடர் நின்றவுடன் கற்றதும் நின்றுபோகிறது. அளக்கவும், பழுது காணவும், வரைபடம் படிக்கவும் கற்றவர் அத்திறனை அடுத்த வாயிலுக்கு எடுத்துச் செல்லலாம். ஆலையின் கோணத்தில் திறன் இடைவெளி என்பது உற்பத்திக் கணக்கு. தொழிலாளரின் கோணத்தில் அது ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குச் செல்லும் பாலம்.

செருமனி கண்ட வழி

இச்சிக்கலுக்குச் செருமனி கண்ட விடையை உலகம் உற்றுநோக்குகிறது. 1969ஆம் ஆண்டுத் தொழிற்கல்விச் சட்டத்தால் முறைப்படுத்தப்பட்ட அதன் ‘இரட்டைமுறை’ப் பயிற்சியில் இளைஞர் முதலில் ஒரு நிறுவனத்தோடு பயிற்சி ஒப்பந்தம் செய்துகொள்கிறார். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஆலையில் பயிற்சி. எஞ்சிய ஓரிரு நாள் தொழிற்பள்ளியில் பாடம். திங்களன்று வகுப்பில் வெப்ப விரிவைக் கற்றவர் புதனன்று சூடான தண்டைக் கையில் பிடிப்பார். பயிற்சிக் காலத்தில் அவருக்கு ஊதியமும் உண்டு.

பயிற்சியின் உள்ளடக்கத்தை ஆலை தன் விருப்பம்போல் அமைத்துக்கொள்ள முடியாது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடி, தொழில்தோறும் நாடு முழுமைக்கும் பொதுவான பாடத்திட்டத்தை வகுக்கின்றனர். இறுதித் தேர்வையும் பயிற்றுவித்த ஆலை நடத்துவதில்லை. தொழில் வணிகக் கழகம் நடத்துகிறது. எனவே சான்றிதழுக்கு நாடெங்கும் மதிப்பு உண்டு. ஆலையில் பயிற்றுவிப்பவருக்கும் கற்பிக்கும் தகுதி கோரப்படுகிறது. சிறந்த தொழிலாளர் அனைவரும் சிறந்த ஆசிரியராக இருப்பதில்லை என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

புதிய தொழில் தோன்றும்போது புதிய பயிற்சியும் தோன்றுகிறது. 1998இல் ‘மெக்கட்ரானிக்ஸ் வல்லுநர்’ என்னும் மூன்றரை ஆண்டுப் பயிற்சித் தொழில் அங்கு அறிமுகமானது. இணையத்தோடு பிணைந்த உற்பத்தியைக் குறிக்கும் ‘தொழில்துறை 4.0’ என்னும் சொல் 2011இல் ஹனோவர் கண்காட்சியில் வெளிப்பட்டபோது, அத்தொழிலுக்கான ஆட்களைச் செருமனி பல்லாண்டுகளாகப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தது.

இம்முறையில் குறை இல்லாமல் இல்லை. செருமனியின் பெரும்பாலான மாநிலங்களில் குழந்தைகள் ஏறத்தாழப் பத்து வயதிலேயே வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகின்றனர். பத்து வயதில் ஒருவரது வருங்காலத்தை எவ்வாறு தீர்மானிப்பது என்னும் கண்டனம் அந்நாட்டிலேயே எழுந்துள்ளது. பிறப்பின் வேலியைக் கடந்துவந்த நம் சமூகம், மதிப்பெண்ணால் இன்னொரு வேலி எழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்நாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடுவதும் கூடாது. அங்கு அதைத் தாங்கும் தொழில் கழகங்களும் கூட்டு ஊதிய ஒப்பந்தங்களும் நெடுங்காலம் வளர்ந்தவை.

தமிழ்நாட்டில் இன்று

தமிழ்நாட்டில் இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகள் பல திசைகளில் நடைபெறுகின்றன. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் ‘தொழில் 4.0’ தரத்திற்கு உயர்த்தப்பட்டுள்ளன. எந்திரக் கைகளும் கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களும் அங்கு மாணவருக்குப் பயிற்சிக் கருவிகளாயின. 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் தொழில்துறை வேண்டும் திறன்களைப் பாடத்தோடு சேர்த்து அளிக்க முனைகிறது. தொழிற்பழகுநர் விதிகளும் மாறியுள்ளன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். எல்லா ஆலைகளும் சட்டப்படி பயிற்றுவிக்க வேண்டும் என்றால், பெக்கர் சுட்டிய தயக்கம் ஓரளவு தீர்கிறது. ஆயினும் பழகுநரைக் குறைந்த செலவில் கிடைக்கும் கூடுதல் ஆளாகக் கருதிப் பொருள்களை எடுத்துவைக்கச் சொல்லும் இடத்தில் விதி நிறைவேறும், பயிற்சி நிறைவேறாது. எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதோடு அவர்கள் என்ன கற்றனர் என்பதையும் கணக்கெடுக்க வேண்டும்.

தொழிற்பயிற்சியைப் பற்றிய மதிப்பீடும் இங்கு தடையாக நிற்கிறது. மதிப்பெண் குறைந்தவர் செல்லும் இடம் ஐ.டி.ஐ. என்ற எண்ணம் பல இல்லங்களில் உண்டு. மைக்ரான் அளவில் வேலைசெய்யும் ஒருவருக்கு வேண்டிய கணிதமும் இயற்பியலும் இந்த எண்ணத்தைப் பொய்யாக்கப் போதுமானவை. தொழிற்பயிற்சியோடு படிப்பு முடிந்துவிடும் என்பதும் உண்மையில்லை. தொழிற்பயிற்சி முடித்தவர் பல்தொழில்நுட்பக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலும், பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேர வழி உள்ளது. இவ்வழியாகச் சென்று பொறியாளரானவர், திரையில் தோன்றும் எண்ணின் பின்னால் சூடான ஓர் உலோகம் இருப்பதை மறக்கமாட்டார்.

கடைசலும் பொருத்துதலும் ஆண்களின் தொழில் என்ற எண்ணமும் மாறவேண்டியதே. கைப்பிடியைச் சுழற்றும் உடல்வலிமை தேவைப்பட்ட காலத்தின் எச்சம் அது. மின்னணு ஆலைகளில் நுண்ணிய உறுப்புகளைப் பிழையின்றிப் பொருத்தும் பெண்கள், இயந்திரத்தை அமைக்கவும் பழுது நீக்கவும் பயிற்றுவிக்கப்படாமல் இருப்பதற்குத் திறன் சார்ந்த காரணம் எதுவுமில்லை.

தொடக்கத்தில் கண்ட காட்சியைச் சற்று மாற்றி எண்ணிப்பார்க்கலாம். அதே இயந்திரம், அதே தண்டு. இம்முறை முன்னால் நிற்பவர் பழகுநராக வந்த இளம்பெண். அருகில் பல்லாண்டு அனுபவமுள்ள பயிற்றுநர். திருகு அளவி 100.020 என்று காட்டுகிறது. அவர் கை திரையை நோக்கிச் செல்கிறது.

“திருத்தத்தை உள்ளிடாதேம்மா. முதலில் தண்டைத் தொட்டுப் பார்.”

அவர் விரலை வைத்துச் சட்டென எடுக்கிறார். சிறிது நேரம் யோசிக்கிறார். பின்னர்க் குறிப்பேட்டைத் திறந்து, அளந்த அளவையும் நேரத்தையும் எழுதிவைத்துவிட்டு, தண்டைக் கழற்றிச் சோதனை அறைக்கு எடுத்துச் செல்கிறார். அங்கே அது ஆறும்வரை காத்திருக்கிறார். மீண்டும் அளந்தபோது 99.996. அதையும் முதல் எண்ணுக்குக் கீழே எழுதி, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கழித்துப் பார்க்கிறார்: 24 மைக்ரான்.